விளையாட்டின் நடுவே திரை கறுத்தால்

இணையம் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. படம் ஓடுகிறது, அலுவலக வேலை நடக்கிறது. ஒரு பெரிய கேமைத் திறந்து சிறிது நேரம் ஆடியதும் திரை கறுக்கிறது. அல்லது கேம் தானாக மூடிக்கொள்கிறது. அல்லது கணினியே அணைந்து மறுபடி எழுகிறது. பலரும் உடனே சொல்வது, 'கிராஃபிக்ஸ் கார்டு போச்சு' என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விளையாடுவதற்கென்று வாங்கிய கணினியில் பெரும்பாலும் அதுதான் மிக விலை கூடிய பாகம். மாற்றக் கிளம்பும் முன், கேம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கார்டின் நடுவில் இருப்பது ஜிபியு, அதாவது படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் சில்லு. அதைச் சுற்றி விரேம், அதாவது அந்தச் சில்லுக்கென்றே உள்ள நினைவகம். ஓரத்தில் ஒரு மின்சுற்று. கணினியின் மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 12 வோல்ட்டை அது ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கி ஜிபியுவுக்குத் தருகிறது. இவை அனைத்தின் மேலும் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளும் மின்விசிறிகளும் உட்கார்ந்திருக்கின்றன.

சும்மா இருக்கும்போது இந்த அமைப்புக்கு இருபது, முப்பது வாட் போதும். கேம் தொடங்கியதும் நிலைமை வேறு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட், 3080க்கு 320 வாட் என்பது நிறுவனம் அறிவித்த அளவு. இதையும் கார்டு சீராக இழுப்பதில்லை. காட்சி மாறும் சில மில்லிவிநாடிகளுக்கு அந்த அளவைத் தாண்டியும் இழுக்கும். ஆகவே கேமில் மட்டும் கிராஷ் ஆகிறது என்றால், சுமை ஏறும்போது எங்கோ ஓரிடம் தாங்கவில்லை என்பது மட்டுமே நிச்சயம். அந்த இடம் கார்டாக இருக்கலாம். கார்டுக்கு மின்சாரம் தரும் வழியாக இருக்கலாம். கார்டுக்கு வேலை கொடுக்கும் பிராசஸராகவும் இருக்கலாம்.

கேம் தானாக மூடிக்கொள்வதற்குப் பின்னால் பெரும்பாலும் விண்டோஸின் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. விஸ்டா காலத்திலிருந்து வரும் இந்த ஏற்பாட்டை டிடிஆர் என்பார்கள். ஜிபியுவுக்கு ஒரு வேலை போகிறது. இரண்டு விநாடிக்குள் பதில் வரவில்லை என்றால், சில்லு உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, அது மீட்டமைக்கிறது. மீட்டமைப்பு பலித்தால் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். கேம் மட்டும் போய்விடும். பலிக்காவிட்டாலோ, ஒரு நிமிடத்துக்குள் பலமுறை இப்படி நடந்தாலோ நீலத்திரை வரும். மீட்டமைப்பு பலித்திருந்தால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகும். இந்த இரண்டு விநாடியைப் பத்து விநாடி ஆக்கிவிட்டால் சரியாகும் என்று ஒரு யோசனை உலவுகிறது. அதனால் காத்திருக்கும் நேரம்தான் கூடும். சில்லு ஏன் உறைந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எனவே முதல் வேலை, கிராஷ் எப்படி ஆகிறது என்று கவனிப்பது. கேம் மட்டும் மூடினால் டிரைவர், கேம், அல்லது எல்லையில் ஓடும் ஒரு சில்லைச் சந்தேகிக்கலாம். திரை கறுத்து, ஒலி மட்டும் தொடர்ந்து, கார்டின் விசிறி முழு வேகத்தில் இரைந்தால் கார்டு தொடர்பிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். வெப்பத்தையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். கணினி முழுவதும் சட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். இவை அறிகுறிகள் மட்டுமே, உறுதியான சான்றுகள் அல்ல.

நான்காவதாக ஒரு வகை உண்டு. திரையில் வண்ணக் கட்டங்கள், புள்ளிகள், கோடுகள் தோன்றும். விரேம் பழுதானால் இப்படி ஆவது வழக்கம். ஆனால் மானிட்டர் கேபிள் கெட்டாலும் கோடுகள் வரும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. அந்தக் கணத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு கணினியிலோ போனிலோ திறந்து பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கார்டு படத்தை உருவாக்கும்போதே தவறுகிறது. படம் சுத்தமாக இருந்தால் கேபிளையும் மானிட்டரையும் பாருங்கள். கணினியைப் போட்டவுடன், விண்டோஸ் ஏறும் முன்பே பயாஸ் திரையில் கோடுகள் தெரிந்தால் விண்டோஸ் டிரைவர் மேல் பழி இல்லை. அது இன்னும் ஏறவே இல்லையே.

அடுத்தது வெப்பம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருள்கள் வெப்பநிலையைக் காட்டும். பொதுவாக என்விடியா கார்டுகள் 83 டிகிரி செல்சியஸை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். இந்த வெப்பநிலை எண்ணோடு 'ஹாட்ஸ்பாட்' என்ற எண்ணையும் பாருங்கள். சில்லின் மிகச் சூடான புள்ளி அது. இரண்டுக்கும் பத்து, இருபது டிகிரி வித்தியாசம் இயல்பு. முப்பதைத் தாண்டினால், சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அறை 10 டிகிரி சூடானால் கார்டும் ஏறத்தாழ அதே அளவு சூடாகும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கார்டு சித்திரையில் தடுமாறுவதற்கு இதுவே போதும். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, எதிரே ஒரு மேசை விசிறியை வைத்து ஆடிப் பாருங்கள். கிராஷ் நின்றால் விடை கிடைத்துவிட்டது. தூசி தட்டுவதிலிருந்து தொடங்கலாம்.

மின்சாரத்தில் பலர் கேபிளைப் பார்ப்பதில்லை. மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட்தான் வரும். மீதி தனிக் கேபிளில் வருகிறது. எட்டு பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. கார்டில் இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டு தனிக் கேபிள் போடுவது நல்லது. ஒரே கேபிளின் வாலில் தொங்கும் இரண்டாவது முனையைச் செருகினால் மொத்தச் சுமையும் ஒரு கம்பியில் ஏறும். எஸ்எம்பிஎஸ் மேல் எழுதிய வாட் போதுமானதாக இருந்தாலும், அந்தத் திடீர் உச்சங்களைப் பழைய பெட்டி ஆபத்தென்று எண்ணி அணைந்துவிடலாம். இதற்காகவே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், அறிவித்த திறனைப் போல இரு மடங்கு உச்சத்தையும் மிகக் குறுகிய நேரம் தாங்கவேண்டும் என்று விதித்தது. நம் வீடுகளில் கூடுதலாக ஒன்றும் பார்க்கவேண்டும். பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 3080 கார்டும் பிராசஸரும் சேர்ந்தாலே அது போதாது. சோதிக்கும்போது யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

டிரைவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழையதை டிடியு என்ற கருவியால் முழுக்கத் துடைத்து, புதிதாக நிறுவ வேண்டும். புதிய பதிப்புக்கு மாறிய பிறகுதான் தொல்லை வந்தது என்றால், முந்தைய பதிப்புக்குத் திரும்புவதும் தப்பில்லை.

இதன் பிறகும் கிராஷ் தொடர்ந்தால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இன்றைய ஜிபியு, வெப்பமும் மின்சாரமும் இடம் தரும் வரை தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும். வயதாகும் சில்லுக்கு அதே வேகத்தில் ஓடக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் தேவைப்படும். அது கிடைக்காதபோது கணக்கு பிசகும். ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஆடிப் பாருங்கள். கிராஷ் நின்றால் அதுவே காரணமாக இருக்கலாம். வேகம் ஏறும்போது இப்படித் தடுமாறுவது புதிய கார்டுக்கும் நேரும். 2020 செப்டம்பரில் 3080 வெளிவந்தபோது, சில தயாரிப்பாளர்களின் கார்டுகள் 2 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி ஏறியதும் கேமை வீழ்த்தின. மின்தேக்கிகள்தான் காரணம் என்று பெரிய விவாதம் நடந்தது. அந்த மாத இறுதியில் வந்த 456.55 டிரைவரோடு பெரும்பாலோருக்குத் தொல்லை அடங்கியது.

கார்டு அல்லாத ஒன்று கார்டைப் போலவே நடிக்கும் என்பதற்கு இன்டெல் விவகாரம் சரியான உதாரணம். அதன் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலை பிராசஸர்கள் உள்ள கணினிகளில் சில கேம்கள் 'விரேம் போதவில்லை' என்று சொல்லி மூடின. விரேம் தாராளமாக இருந்தது. 2024 ஏப்ரலில் என்விடியாவே இந்தப் பயனர்களை இன்டெலிடம் போகச் சொன்னது. பிராசஸர் தேவைக்கு மேல் வோல்ட் கேட்டு வாங்கித் தன்னையே கெடுத்துக்கொள்கிறது என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அதற்குள் நல்ல கார்டை மாற்றியவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆகவே கடைசித் தீர்ப்பை இடமாற்றச் சோதனையிடம் விடலாம். உங்கள் கார்டை நண்பரின் கணினியில் போட்டு அதே கேமை ஆடுங்கள். அவருடையதை உங்களுடையதில் போடுங்கள். பழுது கார்டோடு போனால் கார்டு. கணினியிலேயே தங்கினால் மற்றவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றி கிராஷ் நின்றுபோனால், எதனால் நின்றது என்று தெரியாது.

கார்டேதான் என்று தெரிந்துவிட்டால், அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் காணொளிகளை நம்பவேண்டாம். சில்லுக்குக் கீழே உள்ள நுண்ணிய பற்றவைப்புகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விடுவது உண்மைதான். 2008இல் இத்தகைய மூலப்பொருள் பலவீனத்துக்காக என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. சூடாக்கினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டும். சில வாரங்களில் திரும்பும். வாரண்டி இருந்தால் கார்டைப் பிரிக்காமல், எப்போது, எந்தக் கேமில், எப்படி விழுகிறது என்று எழுதி, ஈவென்ட் வியூவர் பதிவையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் வேகத்தைக் குறைத்து ஓடும்வரை ஓட்டலாம். மின்சுற்று பழுதாகியிருந்தால் பலகை பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கேட்கலாம். ஜிபியு சில்லே கெட்டிருந்தால் செலவு பெரும்பாலும் கட்டாது.