காண்டாமிருகத்துக்கு ஒரு பிரசவ அறை

பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால் என்ன செய்கிறோம்? காற்றோட்டமான ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கிறோம். பழைய துணிகளைத் துவைத்து மடித்து வைக்கிறோம். கூச்சல் போடும் பிள்ளைகளை அடக்குகிறோம்.

மிருகக்காட்சி சாலையில் காண்டாமிருகம் சினையாக இருந்தால், அங்கும் இதே கவனிப்புதான்!

கொட்டகையைக் கழுவி உலர வைக்கிறார்கள். சிமெண்டுத் தரையில் வைக்கோலைக் கனமாகப் பரப்புகிறார்கள். பிறந்த கன்று தட்டுத் தடுமாறி எழுந்து நிற்கும். அப்போது கால் வழுக்கக் கூடாது அல்லவா? ஆண் மிருகத்தைத் தனியே பிரித்து வைக்கிறார்கள். கன்றை வளர்ப்பது தாய் மட்டுமே. காவலர்கள் அருகில் போகாமல், காமிரா மூலம் இரவு பகலாகக் கவனிக்கிறார்கள்.

"காட்டில் இதற்கு யார் வைக்கோல் பரப்பினார்கள்? எதற்கு இந்த வீண் செலவு?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி சரிதான். ஆனால், அந்தக் காட்டை வெட்டியது யார்? கொம்புக்காக அதை வேட்டையாடியது யார்? மனிதன்தான்! இத்தனைக்கும் அந்தக் கொம்பு, நம் நகத்திலும் முடியிலும் உள்ள அதே பொருளால் ஆனது. சுமத்ரா காண்டாமிருகம் இன்று உலகில் ஐம்பதுகூட இல்லை என்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே, ஒவ்வொரு கன்றும் ஒரு பொக்கிஷம்.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகர மிருகக்காட்சி சாலையில் எமி என்ற சுமத்ரா காண்டாமிருகம் இருந்தது. அது ஐந்து முறை கருவுற்றது. ஐந்து முறையும் கரு தங்கவில்லை. அங்கிருந்தவர்கள் மனம் தளரவில்லை. ஆறாவது முறை, கருவைக் காக்கும் ஹார்மோன் மருந்தைக் கொடுத்து வந்தார்கள். சுமார் 475 நாள் காத்திருந்தார்கள்.

2001 செப்டம்பர் 13-ந் தேதி ஆண் கன்று பிறந்தது. எடை சுமார் 33 கிலோ! அதற்கு முன் இந்த இனத்தில், மனிதர் பராமரிப்பில் கன்று பிறந்தது 1889-ல், நமது கல்கத்தாவில். இடையே 112 ஆண்டுகள் ஓடிவிட்டன!

கன்றுக்கு ஆண்டலஸ் என்று பெயர் வைத்தார்கள். 2007-ல் அதைத் தாயின் பூர்வீக மண்ணான சுமத்ராவுக்கு அனுப்பினார்கள். அங்கே வே கம்பாஸ் சரணாலயத்தில் அது 2012, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் பிறந்த மூன்று கன்றுகளுக்குத் தந்தை ஆனது. ஒரு கொட்டகையில் காட்டிய பொறுமை, கடல் கடந்து ஒரு குடும்பத்தையே உண்டாக்கிவிட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? மருந்து வேண்டும், பணமும் வேண்டும். ஆனால், விலகி நிற்கும் அடக்கம் இல்லாவிட்டால் இரண்டும் வீண். தாய் மிருகம் தேடுவது அமைதியை. காட்டில் அது தானாகக் கிடைத்தது. கொட்டகையில் நாம்தான் கொடுக்க வேண்டும்.

எனவே, எந்த மிருகக்காட்சி சாலையிலாவது, "கன்று பிறந்திருக்கிறது, இப்போது பார்க்க இயலாது" என்று பலகை தொங்கினால் கோபித்துக் கொள்ளாதீர்கள். சுவரைத் தட்டாதீர்கள். குழந்தைகளுக்குக் காரணத்தைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

கொட்டகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது காடு ஆகாது. கன்றுகள் பிறந்தால் மட்டும் போதாது. அவை திரும்பிப் போவதற்குக் காடு இருக்க வேண்டும். அந்தக் காட்டைக் காப்பதே எல்லாவற்றிலும் பெரிய ஏற்பாடு!