சப்டைட்டில் தேவைப்படாத சர்க்கஸ்!

வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வெளிநாட்டுப் படம் பார்ப்பது லேசுப்பட்ட காரியமா? ஓடுகிற சப்டைட்டிலைப் பாட்டியால் படிக்க முடியாது. குட்டீஸ் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். அந்தக் கவலை இல்லாத படம், 1974-ல் வந்த பிரெஞ்சு காமெடி 'பரேட்'. வசனம் ரொம்பவே குறைவு. இயக்கி நடித்தவர் ழாக் தத்தி.

கதை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஒரு சர்க்கஸ் அரங்கம், ஒரு ஷோ, அவ்வளவுதான். ஜக்லிங், மேஜிக், பாட்டு என்று கலைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஓரமாக பெயின்ட் அடிக்கிற ஆட்கள்கூட பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். முரட்டுக் கழுதை மேல் ஏறப் பார்வையாளர்கள் படும் பாடு தனி காமெடி!

தொகுப்பாளர் தத்தியேதான். நடுநடுவே அவரும் வித்தை காட்டுகிறார். கையில் ஒரு பொருளும் கிடையாது. ஆனால், கோல்கீப்பர், பாக்ஸர், மீன் பிடிக்கிறவர், டென்னிஸ் வீரர் எல்லாரும் நம் கண்முன் வந்துபோகிறார்கள். குதிரையும் அவரே, அதில் சவாரி செய்கிறவரும் அவரே!

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. இவருடைய 'மோன் ஒங்க்ள்' ஆஸ்கர் வாங்கிய படம். அடுத்து, பாரிஸுக்கு வெளியே ஒரு நகரத்தையே செட் போட்டு 'பிளேடைம்' எடுத்தார். 1967-ல் வெளியான அந்தப் படம் போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. தன் பழைய படங்களின் உரிமையைக்கூட இழந்தார்.

60 வயதைத் தாண்டியபிறகு ஸ்வீடன் டி.வி-க்காக, குறைந்த செலவில், பெரும்பகுதியை வீடியோவில் எடுத்த படம்தான் 'பரேட்'. அதில் அவர் செய்துகாட்டும் விளையாட்டு மிமிக்ரி, சினிமாவில் பெயர் வாங்குவதற்கு முன்பு, 1930-களில் பாரிஸ் மேடைகளில் அவருக்குச் சோறு போட்ட அதே வித்தை! படங்களின் உரிமை கைவிட்டுப் போகலாம்; உடம்பில் ஊறிய வித்தையை எந்தக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியும்?

கிளைமாக்ஸை மிஸ் பண்ணாதீர்கள். ஷோ முடிந்து கூட்டம் கலைகிறது. ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் மட்டும் மேடைப்பக்கம் போய், அங்கே கிடக்கும் வாத்தியங்களையும் சாமான்களையும் எடுத்து விளையாடுகிறார்கள். யாரும் விரட்டவில்லை. தத்தி இயக்கி வெளிவந்த கடைசி முழுநீளப் படம் இது. 1982-ல் அவர் மறைந்தார். போகிறபோக்கில் மேடையைப் பிள்ளைகளிடம் விட்டுப்போன மாதிரி இருக்கிறது, இந்தக் காட்சி.

ஒரே எச்சரிக்கை: இது பரபரவென ஓடும் படம் அல்ல. முதல் 15 நிமிடம் பொறுமையாக உட்காருங்கள். படம் முடிந்ததும் உங்கள் வீட்டு வாண்டு ஹாலில் குதிரை ஓட்ட ஆரம்பித்தால், திட்டாமல் கைதட்டுங்கள்!