விடுதலை முழக்கமும் வீட்டு அடிமையும்

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்த கிராணிமார் நம்மிடையே உண்டு. சீசரைக் குத்திய காட்சியைச் சொல்வார்கள். ஆண்டனியின் பிரசங்கத்தை ஒப்புவிப்பார்கள். பிண்டாரஸ் யார் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

பிண்டாரஸ் ஓர் அடிமை. பார்த்தியா நாட்டில் காஷியஸ் கையில் கைதியாகச் சிக்கியவன். காஷியஸ் அவன் உயிரைப் போக்காமல் விட்டான். விட்டதற்கு விலையாக, இட்ட வேலை எதுவானாலும் செய்வேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். கப்பல் கூலியைக் கடனாகத் தலையில் கட்டி, கைநாட்டு வாங்கிய ஒப்பந்தக் கூலி முறையும் இதே ஜாதிதான். 1910-இல்தான் மலாயாவுக்கு அந்த முறையில் ஆள் எடுப்பது நின்றது.

இந்தக் காஷியஸ் யார்? ரோமாபுரியின் சுதந்திரத்தைக் காக்கிறோம் என்று சீசரைக் கொன்ற கூட்டத்தின் மூளை! சீசர் விழுந்ததும், விடுதலை விடுதலை என்று ஊரெல்லாம் கூவச் சொன்னவர்கள் இவர்கள். ஊருக்கு வந்த விடுதலை பிண்டாரசுக்கு வரவில்லை. எப்போது வந்தது தெரியுமா? பிலிப்பி போர்க்களத்தில், எல்லாம் தோற்றோம் என்று காஷியஸ் எண்ணியபோது! சீசரைக் குத்திய அதே வாளை அடிமையின் கையில் கொடுத்து, என்னைக் கொன்றுவிடு, நீ விடுதலை பெற்றவன் என்றான். செய்தான் பிண்டாரஸ். என் இஷ்டப்படி நடக்க முடிந்திருந்தால் இப்படி ஒரு விடுதலையை நான் பெற்றிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ரோமர் கண்ணில் படாத தூரத்துக்கு ஓடிப்போனான்.

புரூட்டஸ் நல்ல எஜமான். அதை மறைக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் வாத்தியம் வாசிக்கும் லூசியஸ் என்ற பையனை அவன் அடிக்கவில்லை. பையன் அப்படியே உறங்கிப்போக, வாத்தியம் உடையாமல் எடுத்து வைக்கிறான். நம் தோட்டங்களிலும் நல்ல துரைகள் இருந்தார்கள். ஆனாலும் நள்ளிரவில் எழுப்பப்பட்டவன் லூசியஸ்தானே, புரூட்டஸ் அல்லவே!

1941-க்கு வருவோம். பிரிட்டன் ஹிட்லரோடு போர் புரிந்துகொண்டிருந்த காலம். உலக சுதந்திரத்துக்காகப் போராடுகிறோம் என்றார்கள். அந்தப் போருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு நம் ஆட்கள் வேண்டும். அதே ஆண்டில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக் கடைகளை மூடச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி வேண்டும்!

துரை முன் மட்டுமல்ல, கிராணி முன்னும் இறங்க வேண்டியிருந்தது. கிராணிமார் கோபிக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். கூலியை உயர்த்தினால் லாபம் குறையும் என்று கம்பெனி கணக்குக் காட்டலாம். ஒருவன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போனால் எந்தக் கம்பெனிக்கு எத்தனை காசு நஷ்டம்? காசே செலவில்லாத அந்த மரியாதையைக்கூட வேலைநிறுத்தம் செய்து கேட்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் மாண்டனர். உலக விடுதலை பேசிய ஆட்சிதான் இதைச் செய்தது. காஷியசின் வீட்டு நியாயம்!

நாடகத்தின் கடைசிக் காட்சியில் இன்னொரு வேலைக்காரன் வருகிறான், ஸ்டிராட்டோ. புரூட்டஸ் பாய்ந்து சாவதற்கு வாளைப் பிடித்துக்கொண்டு நின்றவன். வென்ற ஆக்டேவியஸ், புரூட்டசின் ஆட்களையெல்லாம் நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறான். என்னிடம் வேலைக்கு வருகிறாயா என்று ஸ்டிராட்டோவைக் கேட்கிறான். மெஸ்ஸாலா சிபாரிசு செய்தால் வருகிறேன் என்பது பதில். அங்கேயும் சிபாரிசு, பாருங்கள்!

இருந்தாலும் வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டான் அல்லவா? 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, அவை துண்டு துண்டாகக் கைமாறியபோது, நம்மவரிடம் அந்த ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. பலருக்கு வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று.