பெண்கள் உடையில் ஜேபி ஏன் இல்லை?



சட்டை தைக்கக் கொடுக்கிற ஆண்பிள்ளை எவனாவது, "இதற்கு ஜேபி வைத்துத் தையுங்கள்" என்று தையற்காரரிடம் கெஞ்சி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கேளாமலேயே சட்டைக்கு நெஞ்சில் ஒன்று, கால்சட்டைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பின்புறத்தில் ஒன்றோ இரண்டோ வந்துவிடுகின்றன. வேஷ்டி கட்டுகிற கிராமத்து ஆளுக்கு உள்ளே பட்டாபட்டி நிக்கர். அதிலும் கை முழுவதும் நுழையும்படியான ஒரு ஜேபி. அதுவும் போதாத வியாபாரி இடுப்பில் பச்சைப் பெல்ட்டுக் கட்டிக்கொண்டு அதிலும் பை வைத்திருக்கிறான். ஆண்பிள்ளையின் உள்ளாடைக்குக்கூட ஜேபி உண்டு என்றால், பெண்பிள்ளையின் மேலாடைக்கு ஏன் இல்லை என்பதுதான் நாம் கேட்கிற கேள்வி.

சேலைக்கு இல்லை, ரவிக்கைக்கு இல்லை, பாவாடை தாவணிக்கு இல்லை. "இப்போதுதான் சுரிதார் வந்துவிட்டதே" என்பீர்கள். அதற்கும் பெரும்பாலும் இல்லை. கடையில் விற்கிற நைட்டிகளில் மாத்திரம் பக்கவாட்டில் ஒரு பை வைத்துத் தைத்திருப்பதைக் காணலாம். அதாவது, காசு தேவைப்படாத அடுப்படியில் உடுத்துகிற துணிக்கு ஜேபி உண்டு. காசு தேவைப்படுகிற சந்தைக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உடுத்திச் செல்லுகிற துணிக்கு ஜேபி கிடையாது! இதைவிட வேடிக்கை உலகத்தில் வேறென்ன இருக்கமுடியும்?

பெண்ணின் சரீரத்தில் காது, மூக்கு, கழுத்து, முன்கை, கைவிரல், இடுப்பு, கணுக்கால், கால்விரல் ஆக எட்டு இடங்களைக் கண்டுபிடித்து நகை மாட்டுவதற்கு இந்த நாட்டாருக்குப் புத்தி இருந்திருக்கிறது. ஒரு சாண் துணியில் ஒரு பை வைப்பதற்கு மாத்திரம் ஓர் இடம் அகப்படவில்லை! இதன் இரகசியம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நகை என்பது பெண்ணின்மேல் தொங்கவிடப்பட்டிருக்கிற குடும்பச் சொத்து. அவசரம் வந்தால் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறவன் பெரும்பாலும் புருஷன்தான். ஜேபியில் இருக்கிற காசோ, அவள் யாரையும் கேளாமல் எடுத்து, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்கக்கூடியது. ஆகவேதான் முதலாவது தாராளமாகக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது கொடுக்கப்படவே இல்லை.

மனிதப் பெண்ணை விடுங்கள். வைதீகர்கள் செல்வத்துக்கே அதிபதி என்று சொல்லிக் கும்பிடுகிற லட்சுமியின் படத்தைப் பாருங்கள். உள்ளங்கையிலிருந்து தங்கக் காசு கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஏன் கொட்டுகிறது? எடுத்து வைத்துக்கொள்ள அந்த அம்மாளின் பட்டுச் சேலையிலும் ஒரு பை இல்லை! கொட்டுகிற காசு போய்ச் சேருகிற இடம் கோயில் உண்டியல். அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று உலகத்துக்கும் படியளக்கிற பெண் தெய்வத்தின் கதியே இதுவானால், கீழப்பாவூரில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற தாயாரின் கதியைப் பற்றிக் கேட்பானேன்?

இது தற்செயலாக நேர்ந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனுதர்ம சாஸ்திரத்தின் எட்டாவது அத்தியாயத்தில் 416-ஆவது சுலோகத்தை எடுத்துப் பாருங்கள். மனைவி, மகன், அடிமை ஆகிய மூவரும் சொந்தப் பொருள் இல்லாதவர்கள் என்றும், அவர்கள் எதைச் சம்பாதித்தாலும் அது அவர்களை உடையவனுக்கே சேரும் என்றும் அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. பொருளே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்துவிட்ட பிறகு, பொருளை வைப்பதற்குப் பை எதற்கு? இந்த அக்கிரமத்தை ஒழிக்கவே 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரைக்கும், இந்தியா முழுமைக்கும் ஆவதற்கு 2005 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டப் புத்தகத்தில் மனு தோற்றுவிட்டான். தையல் மிஷினில் மாத்திரம் இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.

நிற்க, நம் வட்டாரத்துச் சங்கதிக்கு வருவோம். பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம், முக்கூடல் பக்கங்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றிச் சம்பாதிக்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. இலையை நனைத்து, அளவு பார்த்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கிக் கட்டுக் கட்டாக்கி, சாயங்காலம் பீடிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. 1966-ல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்துகொண்டு சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றே ஒப்புக்கொண்டது. ஆகவே இவள் புருஷன் காசில் சோறு தின்கிறவள் அல்லள். பல வீடுகளில் புருஷனே இவள் காசில் சோறு தின்கிறான்.

சரி, இந்தக் கூலி எங்கே போகிறது? பீடிக் கடையிலிருந்து வீடு வரையில் அவள் உள்ளங்கையில் அல்லது ரவிக்கைக்குள். வீட்டுக்கு வந்தபிறகு புருஷனுடைய சட்டை ஜேபியில். அந்தச் சட்டை சுவரில் ஆணியில் தொங்குகிறது. மறுநாள் புளி வாங்கவோ, பிள்ளைக்கு நோட்டு வாங்கவோ இருபது ரூபாய் வேண்டுமானால், அவள் அந்தச் சட்டையைத் தடவவேண்டும். கேட்டுவிட்டுத் தடவினால் "எதற்கு?" என்கிற விசாரணை; கேளாமல் தடவினால் திருட்டு! தான் சம்பாதித்த காசைத் தானே திருடவேண்டிய அவமானம் உலகத்தில் வேறு எந்தத் தொழிலாளிக்காவது உண்டா?

ரவிக்கைக்குள் காசு வைக்கிற வழக்கத்தையும் சற்று யோசியுங்கள். வேர்வையில் நோட்டு நனைந்து நைந்து போகிறது. பத்துப் பேர் நிற்கிற கடையில் மாராப்பை ஒதுக்கி, திரும்பி நின்று, நெஞ்சுக்குள் கையை விட்டு எடுக்கவேண்டியதாயிருக்கிறது. பெண்களுக்கு நாணம்தான் ஆபரணம் என்று பிரசங்கம் பண்ணுகிற பெரிய மனிதர்களுக்கு, அந்த நாணத்தைக் காப்பாற்ற ஒரு துண்டுத் துணி கொடுக்க மனம் வரவில்லை.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கட் வேண்டாம் என்று 2021 மே மாதத்தில் உத்தரவாயிற்று. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பட்டது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் பாங்கிக் கணக்குக்கு வந்தபிறகு, பாங்கிக் கார்டு யாருடைய ஜேபியில் இருக்கிறது என்று ஒவ்வொரு தோழரும் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதைப்பற்றி நம் ஊர்த் தையற்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் நல்ல மனிதர். "பொம்பளையாளுவளுக்கு எதுக்கு அண்ணாச்சி பாக்கெட்டு? அதான் வீட்டுக்காரரு கூட வாராருல்லா!" என்றார். வீட்டுக்காரர் வராதபோது? "கையில பர்ஸ் வச்சிருப்பாவள்லா." கையில் பிள்ளை இருந்தால்? சற்று யோசித்துவிட்டு, "பாக்கெட்டு வச்சா துணி தொங்கும் அண்ணாச்சி, பாக்க நல்லாருக்காது" என்றார். வழக்கின் சாரமெல்லாம் இந்த மூன்று பதில்களில் அடங்கியிருக்கிறது. முதலாவது, பெண்ணுக்கு ஒரு கார்டியன் எப்போதும் கூட இருப்பான். இரண்டாவது, அவள் கை சும்மா இருக்கும். மூன்றாவது, அவள் உடை அவளுக்காக அல்ல, பார்க்கிறவனுக்காக.

கை சும்மா இருக்கும் என்பது முழுப் பொய். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கேரளத்துக்கு ஏறுகிற சரக்கைத் தரம் பிரிக்கிற பெண்ணின் கை சும்மா இருக்கிறதா? தலையில் புல்லுக்கட்டுச் சுமக்கிறவள், ஒரு இடுப்பில் குழந்தையும் மறு கையில் குடமுமாகப் போகிறவள் இவர்களுக்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது? இரண்டு கையும் வேலையில் இருக்கிறவளுக்குத்தான் ஜேபி முதலில் வேண்டும். பனிமலைத் தேசங்களில் காலில் நீண்ட பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடுகிறார்களே, அவர்களைப் பாருங்கள். நம் தேசத்திலும் குல்மார்க்கிலும் மணாலியிலும் இது உண்டு. மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் என்ற பெண் 2018-ல் துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்த விளையாட்டில் கைக்கொரு கோல் பிடித்தாகவேண்டும். கைப்பையைத் தோளில் ஆட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்க முடியாது. ஆகவே அங்கே பெண்களின் உடையிலும் ஜேபி வைத்தே தீரவேண்டியதாயிற்று. அப்படியும் ஆண்களுடையதைவிடக் குறைத்தும் சிறிதாக்கியும் வைக்கிறார்கள் என்று மேல்நாட்டுப் பெண்கள் முறையிடுகிறார்கள். கம்பளிச் சட்டைக்காரிக்கும் கண்டாங்கிச் சேலைக்காரிக்கும் குறை ஒன்றாகவே இருக்கிறது!

"அடடா, தேசத்தில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, சுயமரியாதைக்காரர் தையற்கடைக்குப் போய்விட்டார்களே" என்று சிலர் பரிகாசம் செய்வார்கள். உடை சில்லறைக் காரியம் என்று சொல்லுகிறவர்கள் நம் பக்கத்துச் சரித்திரம் தெரியாதவர்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் வரைக்கும் திருவாங்கூர்ச் சீமையோடு சேர்ந்திருந்தது. அந்தச் சீமையின் தென்பகுதியில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொண்டதற்காக அடிபட்டார்கள். அவர்கள் துணி தெருவில் கிழிக்கப்பட்டது. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல்தான் மறைத்துக்கொள்ளலாம் என்று மகாராஜா விளம்பரம் செய்தார். அதிலும் மேல்ஜாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை! ஒரு முழத் துணிக்காக இவ்வளவு இரத்தம் சிந்தவேண்டியிருந்தது என்றால், அந்தத் துணி சில்லறை என்று அதைத் தடுத்தவர்கள் நினைக்கவில்லை என்றே அர்த்தம். பெண்கள் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு ஆண்களைப்போல் சட்டையும் லுங்கியும் உடுத்தலாம் என்று பெரியார் சொன்னபோதும் இதே பரிகாசம்தான் எழுந்தது.

வெள்ளைக்காரச் சீமையிலும் கதை இதுவே. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே பெண்கள் பாவாடைக்குள் இடுப்பில் நாடா போட்டு ஒரு பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு உடல் வடிவு தெரியும்படி ஒடுங்கிய கவுன் நாகரிகமாயிற்று, பை போய்விட்டது, கையில் பிடிக்கிற பூப்போட்ட சிறு பை வந்தது. ஓட்டுரிமைக்குப் பெண்கள் போராடிய காலத்தில் இந்தச் சங்கதியும் கிளம்பிற்று. ஆலிஸ் டூயர் மில்லர் என்ற அமெரிக்க அம்மாள், பெண்களுக்கு ஓட்டுக் கூடாது என்றவர்களின் வாதங்களையே எடுத்து, பெண்களுக்கு ஜேபி கூடாது என்பதற்கான காரணங்களாக மாற்றி 1915-ல் கேலியாக எழுதினார். ஓட்டு அமெரிக்கப் பெண்களுக்கெல்லாம் 1920-லும், சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921-லும் வந்துவிட்டது. ஜேபியோ இன்னும் முழுதாக வரவில்லை. 2018-ல் அமெரிக்காவில் இருபது கம்பெனிகளின் ஜீன்ஸ் கால்சட்டைகளை அளந்து பார்த்ததில், பெண்களுடைய முன்பக்க ஜேபி ஆண்களுடையதைவிடச் சராசரி 48 சதவிகிதம் ஆழம் குறைவு என்று தெரிந்தது. ஏறக்குறையப் பாதி! பை இருப்பதுபோலத் தையல் மட்டும் போட்டு ஏமாற்றுகிற உடைகளும் உண்டு. ஜேபி இல்லாத உடையை விற்கிற அதே கடைக்காரன் பக்கத்து அலமாரியில் கைப்பையும் விற்கிறான் என்பதைக் கவனிக்கவேண்டும்.

"நம் பாட்டிமார் சுருக்குப் பை வைத்திருந்தார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். அந்தப் பாட்டியை நாம் மதிக்கிறோம். மோர் விற்றவள், கருப்பட்டி விற்றவள், சந்தையில் தானே பேரம் பேசியவள் அவள். கையில் காசு புழங்கிய பெண்ணுக்குப் பை இல்லாமல் தீராது என்பதற்கு அந்தச் சுருக்குப் பையே சாட்சி. உடை கொடுக்காததைத் தையற்கடையில் மிஞ்சிய துண்டுத் துணியில் அவளே செய்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் ஆண்பிள்ளைக்கு மறக்கவும் தொலைக்கவும் பறிகொடுக்கவும் முடியாமல் உடையோடு ஒட்டிய பை. பெண்ணுக்கு மாத்திரம் தனியே இடுக்கிக்கொண்டு திரியவேண்டிய பையா?

இதில் காசு விஷயம் மாத்திரம் இல்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனிடமிருந்து ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு, நின்ற நிலையில் உடம்போடு இருப்பதுதான் சொத்து. பஸ்ஸுக்குக் காசும் பேசுவதற்குச் செல்போனும் அந்த நேரத்தில் அலமாரியில் இருந்து பிரயோஜனம் என்ன? வெறுங்கையோடு ஓடினவள் விடிவதற்குள் அதே வாசலுக்குத் திரும்பி வருவதை நாம் பார்க்கிறோம். ஊராரும் அவளுடைய பொறுமையைப் புகழுகிறார்கள்!

ஆகையால் தோழர்கள் செய்யவேண்டியது இதுதான். வீட்டுப் பெண்களுக்குத் துணி தைக்கக் கொடுக்கும்போது, சுரிதாருக்கு வலது பக்கத் தையலில் மணிக்கட்டு வரை உள்ளே போகும்படி ஒரு ஜேபியும், சேலை கட்டுகிறவர்களுக்கு உள்பாவாடையில் மேல்வாய்க்குப் பித்தான் போட்ட ஒரு ஜேபியும் வைக்கச் சொல்லுங்கள். சொல்லவேண்டியவர்கள் பெண்கள்தான், ஆண்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். கால் மீட்டர் துணிகூடப் பிடிக்காது. வீட்டில் மிஷின் வைத்துத் தைக்கிற பெண் தோழர்கள் கேளாமலேயே வைத்துக் கொடுங்கள்.

அதைவிட முக்கியமானது பள்ளிக்கூடம். பையன் ஆறு வயதில் நிக்கர் ஜேபியில் கோலிக்குண்டைப் போட்டுக்கொண்டு, இது என்னுடையது என்று கற்றுக்கொள்ளுகிறான். பெண்குழந்தைக்கு அந்தப் பாடமே நடத்தப்படுவதில்லை. பெரியவளானபின் மாதவிலக்கு நாட்களில் அவள் படுகிற பாடு வேறு. புதுயுகம் என்ற திட்டத்தில் 2011-12-ல் அரசாங்கம் பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்க ஏற்பாடு செய்தது. அதை வகுப்பிலிருந்து கக்கூசுக்குக் கொண்டுபோக, காகிதத்தில் சுற்றி முழங்கையில் இடுக்கிக்கொண்டு, பையன்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து நடக்கவேண்டியதாயிருக்கிறது. இலவசச் சீருடைகளைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்களே. பெண்பிள்ளைகளின் சீருடையில் ஆண்பிள்ளைகளுடையதற்குச் சமமான ஆழமுள்ள ஜேபி இருக்கவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவில் ஒரு வரி சேர்த்தால் காரியம் முடிந்தது. நம் கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, அடுத்த வருஷத்துச் சீருடைக்குத் துணி வெட்டப்படுவதற்கு முன்னால் சென்னைக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.