ஊருக்கு ஒரு நோட்டு



செக் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. சில நூறு பேர் மட்டுமே வாழும் குக்கிராமமானாலும் சரி, தன் ஊர் வரலாற்றை ஆண்டுதோறும் எழுதி வைத்தே ஆக வேண்டும். 1920-ல் வந்த ஏற்பாடு. 2006-ல் புதுச் சட்டமாகவும் போட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் பெரும்பாறை ஞாபகம்தான் வந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழநி மலையில் இருக்கிறது பெரும்பாறை. சித்தரேவிலிருந்து மலையேறி தாண்டிக்குடி போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். டூரிஸ்டுகளுக்கு இது புல்லாவெளி அருவிக்கு இறங்குகிற இடம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் குடகனாற்றில் சேர்ந்து ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகிறது. திண்டுக்கல்காரர்கள் குழாயில் பிடிக்கும் குடிநீரில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளிடம் இதை நாம் சொல்லியிருக்கிறோமா?

காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை... இதுதான் இங்குள்ள பிழைப்பு. காபிப் பழம் சிவந்துவிட்டால் வீடே தோட்டத்தில்தான் இருக்கும். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலெடுக்க வேண்டும். விட்டால் புளித்துப்போகும். பிறகு கழுவிக் களத்தில் காயப்போட வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை இறங்கினால், வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது!

பழநி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்த மலைத்தொடரின் விருப்பாட்சி வாழைதான். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அது அழிந்தபோது, அந்தக் குடும்பங்கள் என்ன செய்தன? நிலத்தை விற்றவர்கள் யார், காபிக்கு மாறியவர்கள் யார்? பள்ளிக்கூடம் பாதியில் நின்றது எந்த வீட்டுப் பிள்ளைக்கு? நோயைப் பற்றி விஞ்ஞானிகள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். மனிதர்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

இத்தனைக்கும் பழமைக்கு இங்கே குறைவில்லை. பழநி மலைக் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்ற இருவர் எழுதிய நூலை 1928-லேயே தொல்லியல் துறை வெளியிட்டது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டியபோது சூதுபவள மணிகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் செத்தவர்களின் பாசிமணிக்குக் கணக்கு இருக்கிறது. நம் தாத்தா வைத்த ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? கிராம சபையில் பேசுங்கள். ஒரு கெட்டி அட்டை நோட்டு, பொறுப்பாக எழுத ஓர் ஆசிரியரோ படித்த பெண்ணோ போதும். பழையதை முதலில் எழுதுங்கள், எண்பது வயதுக்காரர்கள் இருக்கும்போதே. ரோடு எப்போது வந்தது, கரண்டு எப்போது வந்தது, அதற்கு முன் மூட்டையை யார் சுமந்தார்கள்?

எழுதியதில் ஒரு பக்கத்தை எங்களுக்கும் அனுப்புங்கள். பெரும்பாறை, மஞ்சள்பரப்பு, தடியன்குடிசைப் பக்கமிருந்து வருவதை முதலில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்