சுக்குக் காபியில் காபி எங்கே?

சுக்குக் காபியில் காபி கிடையாது. சுக்கு, மல்லி, கொஞ்சம் மிளகு, ஏலக்காய், கருப்பட்டி. அவ்வளவுதான் சரக்கு. காபிக்கொட்டையே போடாத பானத்துக்குக் காபி என்று பேர்! வெள்ளைக்காரன் காலத்தில் பரவிய காபி தமிழர் வீடுகளில் கவுரவமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன்பிருந்தே வீட்டில் கிடந்த கசாயம், பிழைக்க வேண்டுமே என்று வந்தவன் பெயரைச் சூட்டிக்கொண்டது. பெயரிலேயே தோல்வி. தினமும் குடிக்கிறவர்கள்கூட இதை யோசிப்பதில்லை.

சரி, கொஞ்சம் சீனாவுக்குப் போய் வருவோம். அங்கே குவாங்டாங் மாகாணத்தில் 'லியாங் சா' என்று ஒன்று உண்டு. 'குளிர்ச்சித் தேநீர்' என்று அர்த்தம். பேரில்தான் தேநீர், பெரும்பாலும் தேயிலை இருக்காது. இலை, பூ, வேர் போட்டுக் காய்ச்சிய கசப்புக் கசாயம். உடம்புச் சூடு தணியக் குடிக்கிறார்கள். 'சூடு புடிச்சுக்கிச்சு கண்ணு' என்று பொள்ளாச்சிப் பாட்டி சொல்வதைத்தான் அந்த ஊர்ப் பாட்டியும் சொல்கிறார். பேரில் ஏமாற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் 2006ல் சீன அரசு லியாங் சாவைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குட்டி நாடான பராகுவே, மூலிகை இடித்துப்போட்டுக் குளிரக் குடிக்கும் தன் 'தெரெரே'யை 2020ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏற்றிவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவுக்குக் கும்பமேளா இருக்கிறது, கர்பா நடனம் இருக்கிறது. குடிக்கிற சமாச்சாரம் ஒன்றுகூட இல்லை.

கோவையில் நிலைமை என்ன? சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு, அடியில் கரி கனல, சாயங்காலம் காந்திபுரம் பக்கம் ஒருவர் வருவார். அவரிடம் இரண்டு ரூபாய் கூடச் சொன்னால் பேரம். அதே ஆள் மாலுக்குள் போய் 'ஹெர்பல் டீ' என்று நூல் கட்டிய பொட்டலத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பார், மூச்சு விடமாட்டார். உள்ளே என்ன? இஞ்சி, மஞ்சள், மிளகு... வேறென்ன!

2012ல் டெங்கு வந்தபோது அரசே நிலவேம்புக் குடிநீரைக் கொடுத்தது. 2020ல் கபசுரக் குடிநீர். ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. காய்ச்சல் போனதும் மரபும் போயிற்று. கொங்குநாட்டில் கசாயத்துக்கு மரியாதை கிடைக்க ஒவ்வொரு தடவையும் ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருக்கிறது.

'புவிசார் குறியீடு வாங்கினால் போச்சு' என்பார்கள் வணிகவியல் படித்த நண்பர்கள். கோவை வெட் கிரைண்டருக்கு இருக்கிறது, 2019ல் ஈரோடு மஞ்சளுக்கும் கிடைத்தது, வாஸ்தவம். ஆனால் சுக்குக் காபிக்கு அது பொருந்தாது. அந்தக் குறியீடு ஒரு பொருளை ஒரு மண்ணோடு கட்டிப்போடுவது. சுக்குக் காபியைச் சொந்தம் கொண்டாட மதுரைக்காரரும் வருவார், நெல்லைக்காரரும் வருவார். சுக்குக்கோ கொச்சிச் சுக்கு என்றே பேர்! அதனால்தான் மரபுப் பட்டியல் வேண்டும் என்பது. அதில் ஊர்ச்சண்டை கிடையாது, பழக்கம் உயிரோடு இருந்தால் போதும்.

'டிரேட்மார்க் எடுத்து ஒரு கம்பெனி பெரிசா பண்ணட்டுமே' என்பது அடுத்த யோசனை. அதன் லட்சணத்தையும் சீனாவிலேயே பார்க்கலாம். 1828ல் குவாங்சோவில் ஆரம்பித்த 'வாங் லாவோ ஜி' என்ற கசாயக் கடையின் பேருக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் அடித்துக்கொண்டன. பேர் யாருக்கு என்று 2012ல் தீர்ப்பானது. அப்புறம் சிவப்பு டப்பா யாருக்கு என்று சண்டை! 2017ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவைத்தது. இத்தனை வழக்கும் டப்பாவுக்கும் பேருக்கும்தான். தெருமுனையில் கசாயம் காய்ச்சி விற்கிறவருக்கு இதில் என்ன லாபம்?

'இதையெல்லாம் எவன் திருடப் போறான்?' என்று சிரிப்பவர்கள் மஞ்சள் கதையை மறந்துவிட்டார்கள். புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். பழைய ஆதாரங்களைக் காட்டி 1997ல்தான் ரத்து செய்ய வைத்தது இந்தியா. அதற்குப் பிறகுதான் பாரம்பரிய அறிவு மின்நூலகமே வந்தது. ஆனால் அது ஏட்டிலும் நூலிலும் உள்ள மருந்துகளைத்தான் பதிகிறது. சைக்கிள்காரரின் கைப்பக்குவம் எந்த ஏட்டில் இருக்கிறது?

இன்னொரு கூட்டத்தையும் விட்டுவிட முடியாது. சுக்கு சர்க்கரையை விரட்டும், புற்றுநோயைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள். மரபுக்கு இவர்கள்தான் முதல் எதிரி. ஒரு பானம் நன்றாக இருக்கிறது, தொண்டைக்கு இதமாக இருக்கிறது, பாட்டன் குடித்தான் என்றால் போதாதா? சர்வரோக நிவாரணி ஆக்கினால்தான் மதிப்பா? பொய் வெளுக்கும்போது கசாயமும் சேர்ந்தல்லவா வெளுக்கும்.

பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழே இத்தனை கல்லூரிகள். ப்ராஜெக்ட் என்ற பேரில் வருஷா வருஷம் யாரும் படிக்காத காகிதம் குவிகிறது. ஒரு வருஷம் ஆளுக்கொரு கேன்காரரிடம் உட்கார்ந்து எழுதி வரச் சொல்லலாம். சுக்கு எத்தனை பங்கு, மல்லி எத்தனை பங்கு, எவ்வளவு நேரம் கொதி, யாரிடம் கற்றார், ஒரு கேனுக்கு என்ன நிற்கிறது. கருப்பட்டி விலை ஏறும் மாதத்தில் அவர் எதைக் குறைக்கிறார் என்பதையும்.