சுற்றுநிருபம் உண்டு, சிகிச்சை எங்கே?

சென்ற மாரியில் படுவான்கரையிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். காணி வழக்கன்று; தாபரிப்பு வழக்குமன்று. அவர் ஒரு திருநங்கை. காய்ச்சலோடு ஒரு மருத்துவமனைக்குச் சென்றவர், வெளிநோயாளர் வரிசையில் தம் பழைய ஆண்பெயர் உரக்கக் கூவப்பட, சேலையுடன் எழுந்த தம்மைக் கண்டு சனம் சிரிக்க, மருந்து வாங்காமலே திரும்பிவிட்டாராம். "ஐயா, காய்ச்சலைத் தாங்கலாம், அந்தச் சிரிப்பைத் தாங்க ஏலாது" என்றார். இதற்கு எந்த மன்றில் என்ன முறைப்பாடு எழுதுவது?

சட்டம் இவர்களை முற்றாக மறந்துவிட்டது என்பதற்கில்லை. சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி உளநல வைத்திய நிபுணர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். பின்னர் அடையாள அட்டையையும் மாற்றலாம். அட்டை அற்ப விடயமன்று. அதன் இலக்கத்திலேயே பால் பொதிந்துள்ளது: ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தாரோ அத்தொகையுடன், பெண்ணாயின், 500 கூட்டி எழுதுவர். பெயரை மறைத்தாலும் இலக்கம் காட்டிக்கொடுக்கும். சோதனைச் சாவடிகளில் காலத்தைக் கழித்த நம் மக்களுக்கு அச்சிறு அட்டையின் பலம் இன்னதென்று கூற வேண்டுமோ?

எனினும் அச்சான்றிதழுக்கான பாதை வைத்தியர் வழியே செல்வது. வெல்லாவெளியில் கூலிவேலை செய்து உண்பவர் அதன்பொருட்டு 300 கிலோமீற்றருக்கு மேல் கடந்து கொழும்புக்குப் போகவேண்டுமெனின், அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. வழி அடைபட்டவர் கருத்தடை மாத்திரைகளைக் கடையில் வாங்கி அளவின்றி விழுங்குகிறார். ஈஸ்திரஜன் மிகுந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். அக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. புகைப்பழக்கம் உள்ளவருக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம். காலத்திற்குக் காலம் இரத்தப் பரிசோதனையும், வைத்தியர் அளவு குறித்துத் தரும் மருந்தும் இருந்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய சாவு இது.

இது மனநோய் அன்றோ என வினவுவோர் நம் படித்தவர்களிலும் உளர். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் இது மனநோய்ப் பட்டியலில் இல்லை. தமிழகத்தில் 2008 இலேயே நலவாரியம் அமைந்தது. நாமோ வடமோடி, தென்மோடிக் களரிகளில் பெண்வேடம் தாங்கும் ஆணை விடிய விடிய விழித்திருந்து மெச்சியவர்கள். வேடம் வேறு, வாழ்வு வேறு என்பதை யானும் அறிவேன். எனினும் களரியில் தட்டிய கை வைத்தியசாலை வாசலில் சுட்டுவிரலாவது ஏன்?

நாம் கேட்பது பெரிதன்று. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இதற்கென நாள் குறித்த கிளினிக் வேண்டும். அந்நாள் கிராமங்கள்தோறும் தமிழில் அறிவிக்கப்படல் வேண்டும். திருநம்பியரும் அங்கு வரலாம் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களை ஊர் அறிவதேயில்லை. வீடுவீடாகச் செல்லும் குடும்பநல மாதருக்குப் பயிற்சி வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவருக்கு இது பாடமாக வேண்டும். வரிசையில் பெயருக்குப் பதில் இலக்கத்தைக் கூவுவதற்கோ சல்லிக்காசும் செலவில்லை.

"இதைப் பேசினால் வாக்குப் போகும்" என்கின்றனர் கட்சி நண்பர் சிலர். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, தொகையிற் குறைந்தோர் உரிமையும் உரிமையே என்று வாதாடியவர் நம் முன்னவர். அவ்வாதத்தை வாவியின் இக்கரையோடு நிறுத்திவைக்க நமக்கு அதிகாரமில்லை. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தை ஆட்கள் எல்லார்க்கும் உரியதாக்குகிறது. வாக்குவங்கி உடையோர்க்கு மட்டுமன்று.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்மொழிவேன். வழிமொழிபவர் யாரென்று பார்ப்போம்.